மிளகாய் நெடி

பிரம்மநாயகி டீச்சருக்குக் கண் திருஷ்டியில நம்பிக்கை கிடையாது. இத மொதல்லயே சொல்லிருதேன். பொறவு கதைக்கு நடுவுல நின்னுக்கிட்டு, "டீச்சரா இப்பிடிப் பண்ணுனாவ?"ன்னு யாரும் எங்கிட்ட மல்லுக்கு வரக் கூடாது. பாளையங்கோட்டையில ஒரு பொம்பளப் பிள்ளைக பள்ளிக்கூடத்துல வேதியியல் சொல்லிக் குடுத்து ரிட்டயர் ஆனவ. எவனாவது புது வண்டிச் சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழத்த வச்சு நசுக்குனா, "அத ஜூஸ் போட்டுக் குடிங்கலே, வெயிலுக்கு நல்லது"ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லுவா. நடுத்தெருவுல பூசணிக்காய் ஒடைச்சவன நிறுத்தி, ஒரு துண்டு விடாம அள்ள வச்சவ.

ஆனா பொறாமை இருந்துச்சு. அது வேற விசயம்லா? கண்ணேறு பொய்யி, பொறாமை நெசம். அதுவும் யாரு மேல? ஒரே வீட்டுக்கு ரெண்டாவது மருமகளா வந்த சித்ரலேகா மேல. கொழுந்தன் மகேஸ்வரன் பெண்டாட்டி. பன்னெண்டாங் கிளாஸோட படிப்ப நிறுத்திட்டு, மாவு பெசைஞ்ச கையோட மாமியாருக்குப் பின்னால நின்னுக்கிட்டு இருந்த பிள்ள. இன்னைக்குப் பாருங்க! மகேஸ்வரன் தச்சநல்லூர்ல பெயிண்ட் கடை போட்டான், ஓகோன்னு ஓடுச்சு, தியாகராஜ நகர்ல மாடி வீடு கட்டிட்டான். டீச்சர் வீட்டுக்காரரு திருஞானசம்பந்தம் பிள்ளை மின்வாரியத்துல கிளார்க்கா இருந்து வீட்டுக்கு வந்தவரு. அடுத்தவன் வம்புக்குப் போக மாட்டாரு, தன் சோலிக்கும் போக மாட்டாரு.

வீட்டக்கூடப் பொறுத்துக்கிடலாம். செங்கலும் சிமிண்டுந்தான. பிள்ளைகதான் டீச்சருக்குத் தொண்டையில சிக்குன முள்ளு. அவ மக விஜயஸ்ரீ பெங்களூர்ல பெரிய வேலை பாக்குதா, தானே கார் ஓட்டுதா. முப்பது தாண்டியாச்சு, "எம்மா, நான் நல்லாத்தான இருக்கேன், கல்யாணம் கில்யாணம்னு வராத"ன்னு சொல்லிட்டா. நல்லாத்தான் இருக்கா. அது டீச்சருக்கும் தெரியும். மகளிர் தின விழா மேடையில ஏறுனா, "ஒரு பெண்ணுக்குத் தாலிதான் முடிவா?"ன்னு வெளுத்து வாங்குவா. கீழ எறங்குனதும் யாராவது ஒருத்தி வந்து, "விஜிக்கு இன்னும் ஒண்ணும் அமையலையோ?"ன்னு கேப்பா. அம்புட்டுதான், மேடையில பேசுனது பூராவும் மறந்து போகும். இந்த லட்சணத்துல சித்ரா மக காந்திமதிக்கு மாப்பிள்ளை அமைஞ்சுட்டுன்னு சேதி வருது. மாப்பிள்ளை சிவகணேஷ் டாக்டர். வயிறு எரியுமா எரியாதா?

சித்ரா சும்மாவும் இருக்க மாட்டா. நிச்சயத்துக்கு எடுத்த சேலை, வளையல், தாம்பாளத்துல அடுக்கின பழம், எல்லாத்தையும் வாட்ஸப் ஸ்டேட்டஸ்ல போடுவா. போட்டுட்டு ஓரமா ஒரு நீலக் கண்ணாடிக் கண்ணையும் ஒட்டி வைப்பா. எந்த நாட்டுக்காரன் கண்டுபிடிச்ச கண்ணோ! வாசல்ல திருஷ்டிப் பூசணி, அதுக்குப் பக்கத்துலயே கேமரா. ஊரெல்லாம் பாக்கணும், ஆனா யாரும் கண்ணு வைக்கக் கூடாது, இது என்ன நியாயம்னு டீச்சர் வீட்டுக்குள்ள கெடந்து பொருமுவா. பொருமிக்கிட்டே அந்த ஸ்டேட்டஸ திரும்ப ஒருவாட்டி பாப்பா.

நிச்சயம் முடிஞ்ச கொஞ்ச நாள்ல, ஐப்பசி மழையில ஒருநாள், டீச்சர் தியாகராஜ நகர் வீட்டுக்குப் போனா. உடன்குடிக் கருப்பட்டி ஒரு ஓலைக் கொட்டானோட கொண்டு போனா. மதி நிச்சயச் சேலையக் கட்டிக் காட்டுனா. "அம்சமா இருக்கட்டி"ன்னு டீச்சர் கன்னத்தத் தடவுனா. மனசாரத்தான் சொன்னா. மனசுக்கு அடியில என்ன இருந்துச்சுன்னு நம்ம தோண்ட வேண்டாம். காப்பி குடிச்சுட்டுக் கெளம்பி, தெரு முக்கு வந்ததும் தூத்தல் விழுந்துச்சு. அப்பத்தான் குடை ஞாபகம் வந்துச்சு.

திரும்பிப் போனா. கேட்டு தெறந்து கெடந்துச்சு. குடை வாசல் கொக்கியில தொங்குச்சு. எடுக்கப் போற நேரம் அடுப்பங்கரை ஜன்னல் வழியா சித்ரா குரல் கேட்டுச்சு. எட்டிப் பாத்தா, மதிய கெழக்க பாத்து நிக்க வச்சு, உப்பும் மொளகா வத்தலும் தலையச் சுத்தி அடுப்புல போடுதா. "பாத்தியாட்டி, நெடியே வரல. பெரியம்மா கண்ணு லேசுப்பட்ட கண்ணு இல்ல. வந்துட்டுப் போனாலே சுத்திப் போட்டுரணும்."

வத்தல் நெடி தொண்டையப் புடிச்சு இருமல் வந்தா கண்ணு படலன்னு அர்த்தம், நெடி வராட்டா பலமா பட்டுட்டுன்னு அர்த்தம். அது ஊரு நம்பிக்கை. டீச்சர் நிமிந்து பாத்தா. அடுப்புக்கு மேல சிம்னி விர்ருன்னு ஓடிக்கிட்டு இருக்கு. அது ஓடுனா வத்தல் என்ன, லாரி டயரக் கொளுத்துனாலும் நெடி வருமா? கூறுகெட்ட கழுதைக்கு அதுகூடவா தெரியல? உள்ள போயி நாலு வார்த்தை நறுக்குன்னு கேக்கணும்னு கால் வந்துச்சு. ஆனா கேக்க முடியல. சித்ரா சொன்ன காரணம் பொய்யி, கண்டுபிடிச்ச ஆளு சரி. அதுதான் டீச்சருக்கு அவமானமா இருந்துச்சு. குடைய எடுத்துக்கிட்டுப் பைய வெளிய வந்தா. பஸ் ஸ்டாப்பு வரைக்கும் அத விரிக்காமலே நனைஞ்சுக்கிட்டு நடந்தா. யாருக்கிட்டயும் சொல்லல.

இப்ப விசயத்துக்கு வாறேன். அந்தக் குடும்பத்துல ஒரு வழக்கம். கல்யாணம் முடிஞ்ச மறுநாள் பொண்ணு மாப்பிள்ளை மறுவீட்டுத் தேங்காப்பால் சொதிச் சாப்பாட்டுக்குப் பொண்ணு வீட்டுக்கு வருவாங்கள்லா, அப்ப வாசப்படியில ஆலத்தி எடுக்கது வீட்டுக்கு மூத்த மருமக. மஞ்சளையும் சுண்ணாம்பையும் தண்ணியில கரைச்சா ரத்தமாச் செவக்கும். அந்தத் தட்ட மூணு சுத்துச் சுத்தி, நெத்தியில பொட்டு வச்சு, தெருவுல கொட்டிட்டா வந்த கண்ணெல்லாம் போயிருமாம். மாமியார் இருந்த காலத்துலயே அது டீச்சருக்குன்னு விட்ட தட்டு. குடும்பத்துல நாலு கல்யாணத்துக்கு அவதான் எடுத்திருக்கா. நம்பிக்கை இல்லாமத்தான் எடுத்தா, ஆனா வேற யாரு கையிலயும் குடுத்தது இல்ல.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் சித்ரா போன் பண்ணுனா. "அக்கா, தப்பா நெனைச்சுக்கிடாதீங்க. ஆலத்திக்கு எதுத்த வீட்டு பேங்க் மேனேஜர் சம்சாரத்தச் சொல்லியிருக்கோம். உங்களுக்குத்தான் இதுலெல்லாம் நம்பிக்கை இல்லையே. உங்களுக்கு எதுக்கு வீண் சங்கடம்?"

"நல்லதாப் போச்சு சித்ரா"ன்னு போன வச்சுட்டா. வச்சுட்டு வீட்டுக்காரரு மேல பாஞ்சா. "ஆலத்தித் தட்ட எவ கையிலயோ குடுக்காளாம்! எங் கண்ணு பட்டுரும்னுதான?"

அவரு பேப்பர மடிக்காமலே, "உனக்குத்தான் நம்பிக்கை இல்லையே, பொறவு என்ன?"ன்னாரு.

"நம்பிக்கை இல்லாட்டா உரிமையும் இல்லையா?"

அவரு கொஞ்ச நேரம் யோசிக்க மாதிரி இருந்துட்டு, "காப்பி போடுதியா?"ன்னு கேட்டாரு.

மறுவீட்டுக்குப் போகக் கூடாதுன்னுதான் இருந்தா. போகாட்டா "வயித்தெரிச்சல்ல வரல"ன்னு சொல்லுவாங்களே! பச்சைப் பட்டக் கட்டிக்கிட்டு, மொத ஆளாப் போய் நின்னா. ஹால்ல கூட்டம். மேனேஜர் வீட்டம்மா கழுத்து நெறைய நகையோட, தட்டுக்குக் காத்துக்கிட்டு நடு சோபாவுல உக்காந்திருக்கா. அந்தக் கைல தட்டு இருக்கத நம்ம கண்ணால பாக்கணுமான்னு டீச்சர் எந்திரிச்சு, தண்ணி குடிக்கப் போற மாதிரி அடுப்பங்கரைக்குள்ள நுழைஞ்சுட்டா.

அங்கன சித்ராதான் தனியா நின்னு ஆலத்தி கரைச்சுக்கிட்டு இருந்தா. வாங்கக்கான்னு ஒரு சிரிப்பு. பக்கத்துல ஒரு வெள்ளிச் சுண்ணாம்பு டப்பி. அவ அம்மா வீட்டுச் சீரு. கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து பீரோவுல கெடந்தது. ஒத்த மகளுக்கு ஆலத்தின்னா அந்த டப்பிச் சுண்ணாம்புதான் வேணும்னு எடுத்து வச்சிருக்கா. டப்பியத் தட்டுனா உள்ளேர்ந்து வெள்ளைக் கட்டியா உதுந்துச்சு. டீச்சருக்கு ஒரு பார்வையிலயே தெரிஞ்சு போச்சு. அது சுண்ணாம்பு இல்ல. காத்துப் பட்டுப் பட்டுச் செத்து வெறும் சாக்பீஸா மாறி எத்தனையோ வருசம் ஆச்சு. அதப் போட்டா மஞ்சள் செவக்கவே செவக்காது.

சொல்ல வாய் வந்துச்சு. முழுங்கிட்டா. நமக்கு என்ன? அவளாச்சு, மேனேஜர் வீட்டம்மாவாச்சு. தண்ணிச் செம்ப எடுத்துக்கிட்டு ஓரமா நின்னு வேடிக்கை பாத்தா. சந்தோசமாத்தான் இருந்துச்சு, நான் எதுக்கு மறைக்கணும்?

சித்ரா கலக்குனா. மஞ்சளாவே இருந்துச்சு. இன்னும் கொஞ்சம் உதுத்துப் போட்டுக் கலக்குனா. பால் கலந்த மாதிரி வெளுத்துச்சே ஒழிய செவக்கல. அவ மூஞ்சி வெளிற ஆரம்பிச்சுது. அந்த நேரம் பாத்து வாசல்ல கார் நிக்குத சத்தம். "பொண்ணு மாப்பிள்ளை வந்தாச்சு, ஆலத்தி எங்க?"ன்னு கூப்பாடு.

மேனேஜர் வீட்டம்மா உள்ள வந்து தட்டப் பாத்தா. "ஐயையோ, என்னங்க செவக்கவே இல்ல? குங்குமத்தக் கலக்கிருங்க."

"அது ஏமாத்து வேலைங்க. தானாச் செவக்கணும்"ன்னு சித்ரா சொன்னா.

அந்தம்மா தட்டப் பாத்தா, ஓரத்துல நின்ன டீச்சரப் பாத்தா, திரும்பத் தட்டப் பாத்தா. "எனக்கு பிரஷர் இருக்குங்க. படபடன்னு வருது. வேற யாரையாவது எடுக்கச் சொல்லுங்க"ன்னு நழுவிப் போயிட்டா. சகுனம் சரியில்லாத தட்ட அவ எதுக்குத் தொடுவா?

இப்ப அடுப்பங்கரையில ரெண்டு பேருதான். சித்ரா கரண்டியக் கீழ போட்டுட்டு டீச்சர் பக்கம் திரும்புனா. ரெண்டு கையையும் கூப்புனா. "அக்கா, உங்களக் கும்புடுதேன். ஒரே ஒரு நிமிசம் எம் பிள்ளைய நல்லா நெனைங்க. நீங்க நெனைச்சா செவந்துரும்."

டீச்சருக்கு உச்சந்தலையில ஏறிட்டு. என்ன பேச்சு பேசுதா! அப்ப இந்தத் தண்ணி மஞ்சளா நிக்கதுக்கு நாந்தான் காரணமா? இப்பிடியே விட்டுட்டு வெளிய போனா என்ன? சிவகணேஷ் வீட்டாளுக மூஞ்சி தூக்குவாங்க, இவ தலை குனிவா, ஸ்டேட்டஸ்ல போடட்டும் அத! ஆனா பேரு யாருக்கு வரும்? "பிரம்மநாயகி கண்ணு பட்டு ஆலத்தி செவக்கல"ன்னு தச்சநல்லூர்லேர்ந்து பாளையங்கோட்டை வரைக்கும் பேசுவாங்க. சாகுத வரைக்கும் ஒட்டிக்கிடும். அதுபோக, கண்ணு முன்னால ஒரு சோதனை தப்பா நிக்கு. எந்தப் பிள்ளையும் அவ வகுப்புல மஞ்சளச் செவக்க வைக்காமப் போனது கெடையாது. அன்பு கின்புன்னு நான் சொல்ல வரல. அந்த ஆங்காரத்துலதான் அவ பாத்திரம் வெளக்குத தொட்டிப் பக்கம் திரும்புனா.

பச்சை சோப்புக் கட்டி இருந்துச்சு. நகத்தால ஒரு கிள்ளு கிள்ளி, உள்ளங்கையில தண்ணி விட்டுப் பைய நசுக்குனா. வேகமாக் கரைச்சா நுரைச்சுப் போகும்லா. தட்டோட ஓரமா விட்டா. மஞ்சளுக்குள்ள ஒரு செவப்புக் கோடு ஓடுச்சு. விரலால ஒரு சுத்து. தட்டு பூராவும் ரத்தமாச் செவந்து போச்சு. நுரை ரெண்டு முட்டை மெதந்துச்சு, அதையும் விரல்ல எடுத்துத் தொட்டியில உதறுனா.

சித்ரா வாயப் பொளந்துட்டா. "சோப்பாக்கா?"

"சோப்புத்தான், அதுவும் சுண்ணாம்பு மாதிரி காரந்தான். உன் வெள்ளி டப்பிச் சுண்ணாம்பு செத்துக் கல்லாப் போச்சு. கண்ணும் இல்ல, மண்ணும் இல்ல. வாய மூடிக்கிட்டு மூஞ்சியத் தொடை."

"அக்கா... நீங்களே எடுங்கக்கா."

"நம்பிக்கை இல்லாதவளுக்கு எதுக்குச் சங்கடம்?"

"எடுங்கக்கா. வெயில்ல நிக்காங்க." சித்ரா தட்டத் தூக்கி அவ கையில வச்சா. கைய விடாமப் புடிச்சுக்கிட்டே வச்சா.

டீச்சர் வாசலுக்கு வந்தா. படியில மதியும் சிவகணேஷும் வேர்த்துப் போயி நிக்காங்க. மதி பெரியம்மாவப் பாத்ததும் பல்லெல்லாம் தெரிய சிரிச்சா. டீச்சர் தட்டச் சுத்துனா. மொதச் சுத்துல, இங்கன எம் மகள்லா நிக்கணும்னு நெனைச்சா. ரெண்டாவது சுத்துலயும் அதேதான். மூணாவது சுத்துல மதி நெத்தியில ஒரு வேர்வைத் துளி வழிஞ்சு மூக்குக்கு வந்துச்சு, சின்னப் பிள்ளையில மூக்கு ஒழுகுமே, அதே மூக்கு. முந்தானையால தொடைச்சு விட்டுட்டுப் பொட்டு வச்சா. பொறாமை போயிட்டான்னு கேக்காதீங்க. போகல. தெருவுல போயி தண்ணியக் கொட்டும்போதும் கூடவேதான் இருந்துச்சு.

மாப்பிள்ளையோட அத்தை கொட்டுன எடத்தையே பாத்துக்கிட்டு நின்னா. "யம்மா, எம்புட்டுச் செவப்பு! ஆலத்தின்னா இப்பிடில்லா செவக்கணும். மூத்தவங்க நல்ல கைராசிக்காரங்க." ஆளாளுக்கு அதையே சொன்னாங்க. சொதி பரிமாறும்போது சொன்னாங்க, இஞ்சிப் பச்சடி வைக்கும்போது சொன்னாங்க. மேனேஜர் வீட்டம்மாவப் பந்தியில யாரும் கண்டுக்கிடல. டீச்சருக்குச் சிரிப்பும் வந்துச்சு, வெக்கமாவும் இருந்துச்சு. பாத்திரம் வெளக்குத சோப்புக்குத்தான் கைராசி. ஆனா கேக்க நல்லாருந்துச்சு. ரெண்டாவது தடவை சொதி வாங்கிச் சாப்பிட்டா.

சாயந்திரம் கூட்டம் கலைஞ்சுது. டீச்சர் கெளம்பி நின்னா, இந்தத் தடவை குடைய மறக்கல. சித்ரா வந்து கையப் புடிச்சு அடுப்பங்கரைக்கு இழுத்துட்டுப் போனா. உள்ள போனா, மேடையில உப்பும் வத்தலும் எடுத்து வச்சிருக்கா.

"மதிக்கா? நான் போன பொறவு போடு. எனக்குத் தெரியும்"னு டீச்சர் சொல்லிட்டா. சொல்லக் கூடாதுன்னு இம்புட்டு நாள் வச்சிருந்தது, பொசுக்குன்னு வாயில வந்துட்டு. "அன்னைக்குக் குடைய எடுக்கத் திரும்பி வந்தேன். ஜன்னல் தெறந்திருந்துச்சு."

சித்ரா கையில இருந்த வத்தல் அப்பிடியே நின்னுட்டு. பொறவு தலையத் தூக்குனா. "சொன்னது தப்புத்தான்க்கா. ஆனா பொய்யா சொன்னேன்? நான் ஸ்டேட்டஸ் போட்டா மொத ஆளாப் பாக்குதது நீங்க. யார் யார் பாத்தான்னு அதுல தெரியும்க்கா."

தெரியுமா! டீச்சருக்குக் காது மடல் சூடாயிட்டு. இனி மறைச்சு என்ன பண்ண? "பொறாமைதான். அன்னைக்கும் இருந்துச்சு, இன்னைக்குத் தட்டச் சுத்தும்போதும் இருந்துச்சு. என்ன செய்யச் சொல்லுத?"

"நீங்க நில்லுங்க. இது மதிக்கு இல்ல, உங்களுக்கு."

"எனக்கா? எங்கிட்ட என்ன இருக்கு கண்ணு வைக்க? வாடகை வீடும், வாய் பேசாத புருசனும்."

"இன்னைக்கு எல்லார் கண்ணும் உங்க மேலதான்." சித்ரா அவள கெழக்க பாத்துத் திருப்பி நிறுத்துனா. உப்பையும் வத்தலையும் கைக்குள்ள மூடிக்கிட்டுச் சுத்த ஆரம்பிச்சா. "ஊருக் கண்ணு, ஒறவுக் கண்ணு, வந்தவ கண்ணு, போனவ கண்ணு..." அங்கன நின்னுட்டா. கை மட்டும் சுத்துது. "எங் கண்ணு."

டீச்சர் திரும்பிப் பாத்தா.

"திரும்பாதீங்க. பழைய வீட்டுல இருக்கும்போது, காலையில நீங்க அந்தக் குடையக் கையில தொங்கவிட்டுக்கிட்டு வேலைக்குப் போவீங்க. யாருக்கிட்டயும் கேக்காம, தெருவப் பாத்து நேரா நடந்து போவீங்க. நான் மாவுக் கையோட ஜன்னல்ல நின்னு, தெரு முக்கு திரும்புத வரைக்கும் பாப்பேன். பாவி வயிறு அப்பிடி எரியும். இப்பவும் விஜி தினமும் உங்களுக்குப் போன் பண்ணி மணிக்கணக்காப் பேசுதாளாம். மாப்பிள்ளையப் புடிச்சிருக்குன்னு மதி அவ அப்பாகிட்டத்தான் சொன்னா. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. எங் கண்ணும் லேசுப்பட்டது இல்லக்கா. அதையும் சேத்துத்தான் சுத்துதேன்."

இம்புட்டு வருசமா ஒரு ஜன்னல்லேர்ந்து ஒருத்தி நம்மளப் பாத்து வயிறெரிஞ்சிருக்கா. அது தெரியாம, யாரும் ஏறிட்டுப் பாக்காதவளா அந்தத் தெருவுல நடந்திருக்கோம். கோவம் வரணும்லா? வரல. கேக்கக் கேக்க ஆசையா இருந்துச்சு. கையில இருந்த குடைய இன்னும் கொஞ்சம் இறுக்கிப் புடிச்சுக்கிட்டா.

சித்ரா அடுப்பப் பத்த வச்சு, குனிஞ்சு கைய விரிச்சா. உப்பு படபடன்னு வெடிச்சுது. வத்தல் கருக ஆரம்பிச்சு, தொண்டைக்குள்ள லேசா ஒரு கரகரப்பு எட்டிப் பாத்துச்சு. டீச்சர் நிமிந்து பாத்தா. இன்னைக்குச் சமையல் பூராவும் பின்கட்டுல பந்தல் போட்டு நடந்ததால, சிம்னிய யாரும் போடல.

இருமுனா கண்ணு இல்லன்னு ஆயிரும். பள்ளிக்கூடத்துல பிள்ளைகளுக்கு எத்தனையோ வருசம் பாடம் எடுத்த பிரம்மநாயகி டீச்சர், மூச்ச அடக்கிக்கிட்டு, சித்ரா திரும்புததுக்குள்ள பைய கைய நீட்டி சிம்னி சுவிட்சத் தட்டிவிட்டா.

"பாத்தீங்களாக்கா?" சித்ரா அடுப்பையே பாத்துக்கிட்டுச் சொன்னா. "நெடியே இல்ல."

"ஆமா"ன்னா டீச்சர். "நெடியே இல்ல."